மோடமா, சிடி டிரைவா?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. சிம் போட்டுச் செருகுகிற யூஎஸ்பி டாங்கிள்தான் கதி. லேப்டாப்பில் சமர்த்தாக நெட் கொடுக்கிற அதே டாங்கிள், வீட்டு ஃபயர்வால் ரவுட்டரில் செருகினால் ‘நான் மோடமே இல்லை, சிடி டிரைவ்’ என்று சாதிக்கிறது! விண்டோஸுக்கான டிரைவரை, அதாவது டாங்கிளை இயக்குகிற மென்பொருளை, உள்ளேயே வைத்திருக்கிறார்கள், அதைக் காட்டத்தான் இந்த வேஷம். (சிடியை யார் கண்ணால் பார்த்தது இப்போது?) யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் போய் ஒரு தட்டு தட்டினால்தான் வேஷம் கலைகிறது. கரண்ட் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

சரி, மோடமாகிவிட்டதே என்று பார்த்தால், அதுவே ஒரு குட்டி ரவுட்டராக 192.168.8.1 என்ற முகவரியில் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் கருவிகளையெல்லாம் ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற ஏற்பாட்டுக்கு நேட் (NAT) என்று பெயர். இங்கே நேட்டுக்கு மேல் நேட். அதற்கும் மேலே சிம் கம்பெனிக்காரன் தன் பங்குக்கு ஒரு நேட். வெளியிலிருந்து நேராக உள்ளே நுழைய வழியே கிடையாது. வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடுகிற போர்ட் ஃபார்வர்டு எல்லாம் சும்மா. மாந்தோப்பு கேமராவை ஓசூர் ஆபீஸிலிருந்து பார்க்க ஆசைப்பட்டேன். இப்போதைக்கு அப்பாவுக்குப் போன் போட்டு, ‘தோப்புப் பக்கம் யாராவது நிற்கிறார்களா?’ என்று கேட்பதுதான் என் ரிமோட் ஆக்சஸ்.