ஜெய்ப்பூர் போகிறவர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள்

விடுமுறை வந்தால் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று கிளம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதில் ஜெய்ப்பூருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு பகல். காலையில் ஆமேர் கோட்டை, ஹவா மகால் வாசலில் நின்று ஒரு படம், மதியம் அரண்மனையும் ஜந்தர் மந்தரும், சாயங்காலம் வண்டிக்காரர் கூட்டிக்கொண்டு போகிற ஒரு துணிக்கடை. இந்த அட்டவணை மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ராஜாக்களைப் பார்த்துவிட்டு, அந்த ஊரை ஊராக வைத்திருக்கிற ஆட்களைப் பார்க்காமலே ரயில் ஏறிவிடுகிறோம்.

1727இல் ராஜா சவாய் ஜெய்சிங் ஆமேர் மலையிலிருந்து தலைநகரைச் சமவெளிக்கு இறக்கியபோது, கட்டடக் கலைஞர் வித்யாதர் பட்டாச்சார்யாவின் துணையோடு நேர்நேர் தெருக்களாக ஊரை வகுத்தார். வணிகர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்துக் குடியமர்த்தினார். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. செம்பு பித்தளை தட்டுகிறவர்களுக்குத் தத்தேரோன் கா ராஸ்தா, பளிங்குச் சிலை செதுக்குகிறவர்களுக்கு கஜானேவாலோன் கா ராஸ்தா, வளையல்காரர்களுக்கு மணிஹாரோன் கா ராஸ்தா. சத்தீஸ் கார்கானா, அதாவது 36 தொழிற்கூடங்கள் என்று ஊரே பெருமையாகச் சொல்லும். 2019இல் யுனெஸ்கோ மதிலுக்குள் இருக்கிற நகரம் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தத் தொழில் தெருக்களும் ஒரு காரணம். 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக அடித்த இளஞ்சிவப்பு வண்ணம்தான் எல்லாருக்கும் தெரிகிறது. அந்த வண்ணச் சுவருக்குப் பின்னால் நடக்கிற வேலை கண்ணில் படுவதே இல்லை.

அரண்மனையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டிப்பாகப் பாருங்கள். ஆனால் உள்ளே முபாரக் மகாலில் இருக்கிற துணிக்கூடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ராஜா முதலாம் மாதோ சிங் அணிந்த பிரம்மாண்டமான உடைகள் அங்கே இருக்கின்றன. வழிகாட்டிகள் எல்லாரும் அவருடைய உயரத்தையும் எடையையும்தான் சொல்வார்கள், கூட்டமும் வாய் பிளந்து கேட்கும். அந்தத் துணியை நெய்தது, சாயம் தோய்த்தது, பஞ்சு வைத்துத் தைத்தது யார் என்று ஒரு வார்த்தை கிடையாது. 1902இல் லண்டனுக்குக் கங்கை நீர் கொண்டுபோன வெள்ளி ஜாடிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் 340 கிலோவுக்கு மேல். எடுத்துப்போன ராஜா இரண்டாம் மாதோ சிங் பெயர் எல்லாருக்கும் தெரியும், செய்தவர் பெயர் யார் வாயிலும் வராது.

சரி, அரண்மனையை விட்டு வெளியே வந்து மணிஹாரோன் கா ராஸ்தாவுக்குள் நடங்கள். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் அரக்கு வளையல் கடைகள். ஒரு கடை வாசலில் வெகுநேரம் நின்று பார்த்தேன். ஒரு அம்மா கரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கட்டையின் நுனியில் ஒட்டியிருந்த அரக்கை அனலில் காட்டி இளக்கி, பலகையில் வைத்து மரத்தகடால் உருட்டி நீளமான கம்பியாக ஆக்கினார். அளவுக்கு வெட்டி, வளைத்து, இரண்டு முனையையும் சூட்டிலேயே ஒட்டி, நுனி சிறுத்த மர உருளையில் மாட்டி வட்டம் சரி செய்தார். சூடு ஆறுவதற்குள் சின்னக் கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பதித்தார். எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில், மே மாதமானாலும் இதே வேலைதான். அந்த வளையலுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு குடும்பம் பக்கத்திலேயே நின்று வாதாடிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம் துணி. ஜெய்ப்பூர் என்றாலே நமக்கு அச்சுத் துணிதானே. வண்டிக்காரர் கூட்டிப்போன கடையிலும் அச்சு காட்டினார்கள். வாசலில் ஒருவர் சின்னத் துணித்துண்டில் யானை உருவத்தை வண்ணம் வண்ணமாக, செதுக்கிய நாலு மர அச்சுக்கட்டையால் வைத்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். உடனே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். மாடியில் அடுக்கியிருந்ததில் பெரும்பகுதி ஸ்கிரீன் அச்சு, அதாவது கட்டை இல்லாமல் சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாகச் சாயத்தை இழுத்து வேகமாக அடிப்பது. கையால் அச்சிட்டது என்று சொல்லி, கையச்சுக்கான விலையையே கேட்டார்கள். உழைப்பைக் கீழே காட்டிவிட்டு மேலே வேறொன்றை விற்பது உண்மையான அச்சுக்காரருக்குச் செய்கிற துரோகம். கமிஷனுக்காக வண்டிக்காரர்கள் அங்கே கூட்டிப்போவதும் ஊரறிந்த விஷயம்.

நிஜமான வேலையைப் பார்க்க, ஜெய்ப்பூர் பக்கத்தில் அச்சுக்காரர்கள் வாழ்கிற சாங்கனேருக்கோ பக்ருவுக்கோ போக வேண்டும். விமான நிலையமே சாங்கனேரில்தான் இருக்கிறது. ஆனாலும் விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் அந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சாங்கனேரில் வெள்ளைத் துணியில் நுணுக்கமான பூக்கள். பக்ருவில் மண் வாசம் அடிக்கிற கறுப்பு, சிவப்பு, அவுரி நீலம். இரண்டு ஊரிலும் இந்த வேலை சீப்பா சமூகத்தாரின் பரம்பரைத் தொழில்.

பக்ரு வேலையை நான் ரசித்துப் பார்த்தேன். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள், இளமஞ்சளாகிவிடுகிறது. பழைய இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் ஊறப்போட்ட கரைசலை அச்சுக்கட்டையால் வைத்ததும், கடுக்காய் பட்ட இடம் கறுப்பாகிறது. நம்ம தமிழ்நாட்டுக் கருப்பூரில் துணியில் வரைகிற கலம்காரியிலும் இரும்பும் கடுக்காயும் சேர்ந்துதான் கறுப்பு. சிவப்புக்குப் படிகாரத்தைப் பிசினோடு கலந்து அச்சிட்டு, அப்புறம் சாயக் கொப்பரையில் கொதிக்க வைக்கிறார்கள். நீலம் ஏறக்கூடாத இடத்தில் டாபு என்கிற மண் குழம்பை அச்சிடுகிறார்கள். களிமண், சுண்ணாம்பு, பிசின், புழுத்த கோதுமையின் மாவு எல்லாம் சேர்ந்த குழம்பு. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே மரத்தூள் தூவி, வெயிலில் காயவைத்து, அவுரித் தொட்டியில் முக்குகிறார்கள். கழுவினால் மண் போய்ப் பூ தெரிகிறது. நீளமான மேசையில் அச்சுக்காரர் கட்டையை வைத்து முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து, எடுத்து அடுத்த இடம், மறுபடி ஒரு குத்து. நாள் முழுக்க நின்றபடி. ஒரு புடவைக்கு எத்தனை குத்து என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவையும் பார்த்தபின் ஸ்கிரீன் துணியின் விலையைச் சொல்லி பேரம் பேச வாய் வராது. வாங்கும்போது துணியை விரித்து, கட்டையும் கட்டையும் சந்திக்கிற இடத்தைப் பாருங்கள். மயிரிழை விலகல் இருக்கும், சாயம் ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் இருக்கும். அதைப் பழுது என்று சொல்லி விலையைக் குறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஸ்கிரீனிலேயே அந்த விலகலைப் போலியாகச் செய்கிறவர்களும் உண்டு என்பதால், அச்சடிக்கிற இடத்திலேயே வாங்குவதுதான் நல்லது.

நீலப் பாண்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிகக்கல் பொடி, கண்ணாடிப் பொடி, முல்தானி மட்டி கொண்டு செய்வது. கிட்டத்தட்ட அழிந்தே போயிருந்த கலை. கைவினைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் ஊக்கத்தோடு, ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் மீட்டெடுத்தார். ஒரு தலைமுறைக்குள் தொலையவும் முடியும், ஆள் நின்றால் திரும்ப வரவும் முடியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பக்ரு, ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். மழைக்காலத்தில் போகாதீர்கள், டாபு காய வெயில் வேண்டும், வேலை மந்தமாகிவிடும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்லது. எங்கே போக வேண்டும் என்பதை வண்டி பேசும்போதே நீங்கள் சொல்லிவிடுங்கள். வாங்கி வந்த அவுரித் துணியை முதல் சில தடவை தனியாகப் பச்சைத்தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், கொஞ்சம் நீலம் இறங்கும், பயப்பட வேண்டாம்.