அடைபட்ட வடிகாலும் கலையப்போகும் கவுன்சிலும்

மழை பெய்தால் எங்கள் தெருமுனையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்குகிறது. உதிர்ந்த இலைகளைப் பெருக்குவது மாவட்டக் கவுன்சிலின் பொறுப்பு, அவை போய் அடைத்துக்கொண்ட சாலையோர வடிகாலைச் சுத்தம் செய்வது அதற்கு மேலடுக்கில் உள்ள கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு என்றிருக்கும் இங்கிலாந்தின் இரண்டடுக்கு முறையில், இரு அலுவலகங்களுக்கும் மாறி மாறி எழுதியே என் இலையுதிர்காலம் கழிகிறது. இரண்டையும் ஒன்றாக்குவோம் என்று 2024 டிசம்பரில் அரசு அதிகாரப் பரவலாக்கம் பற்றிய வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் புதிய கவுன்சில்களில் பெரும்பாலானவற்றில் 5 லட்சம் பேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. இன்று நடந்தே போய்ச் சேரும் அலுவலகம் நாளை எந்த ஊரில் இருக்கும் என்றே தெரியாத ஏற்பாட்டை அதிகாரப் பரவலாக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்ரே, எசெக்ஸ், நார்ஃபோக் உள்ளிட்ட 9 பகுதிகளில் 2025 மே மாதம் நடக்கவேண்டிய தேர்தலையே இதற்காகத் தள்ளிவைத்தார்களே, அது இதைவிடப் பெரிய வருத்தம். எல்லைக்கோடு வரைந்து முடியும்வரை வாக்காளர்கள் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? வடிகாலைப் பற்றிக் கேட்டாலும், மறுசீரமைப்பு முடியட்டும் என்றே பதில் வருகிறது. அடுத்த மழைக்கு முன்பாவது யாரேனும் வந்து அந்தக் கம்பிமூடியைத் திறக்கட்டும்.