மரிசா டோமெய்க்கு ஆஸ்கர் 'தவறுதலாக' கிடைத்ததா? இல்லை

1993 ஆஸ்கர் விழாவில் உறையில் இருந்த பெயர் வேறு, விருதை அறிவித்த நடிகர் ஜாக் பாலன்ஸ் பட்டியலின் கடைசிப் பெயரை வாசித்துவிட்டதால்தான் மரிசா டோமெய்க்குச் சிறந்த துணை நடிகை விருது போனது என்ற பழைய கதை மறுபடியும் சுற்றுகிறது. அது பொய்.

பரிந்துரைகள் அகரவரிசையில் வாசிக்கப்பட்டதால் அவர் பெயர் கடைசியில் வந்தது உண்மைதான். மற்றது கற்பனை. மேடையின் இரு பக்கமும் வாக்குகளை எண்ணும் கணக்குத் தணிக்கையாளர் ஒவ்வொருவர் நிற்பார். இருவரிடமும் முழு உறைத் தொகுப்பு. வெற்றியாளர் பெயர்கள் எல்லாம் இருவருக்கும் மனப்பாடம். தவறான பெயர் ஒலித்தால் மேடையேறித் திருத்துவதே அவர்கள் வேலை.

2017-ல் நடந்ததைப் பாருங்கள். 'லா லா லேண்ட்' படத்துக்காக எம்மா ஸ்டோன் வென்ற சிறந்த நடிகை விருது மேடையின் ஒரு பக்கத்து உறையிலிருந்து அறிவிக்கப்பட்டது. மறுபக்கத்தில் அதன் நகலை ஒதுக்கி வைக்காமல், சிறந்த படத்துக்கான உறை என்று அந்த விருதை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பீட்டியிடம் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் எம்மா ஸ்டோன் பெயரும் படப் பெயரும் பெரிதாக, விருதுப் பிரிவு மட்டும் அடியில் பொடி எழுத்தில்! 'லா லா லேண்ட்' என்று அறிவிப்பு வந்தது. ஏற்புரை நடந்துகொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில், விருது 'மூன்லைட்'டுக்கு என்று மேடையிலேயே திருத்தப்பட்டது. திருத்தம் தாமதமானது பெரிய குறைதான், ஆனாலும் மறைக்கப்படவில்லை.

டோமெய் நடித்த நகைச்சுவை வேடத்துக்கு விருதா என்ற இளக்காரம்தான் இந்த வதந்திக்குத் தீனி. திறமையால் வென்ற ஒரு நடிகைக்கு இது பெரிய அநியாயம்.