கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோமா?

"கூம்பு விரிந்துகொண்டே போகிறது பாருங்கள், புயல் அவ்வளவு பெரிதாகப் போகிறது, வெளியே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று புயல் கணிப்பு வரைபடத்தில் வரும் கூம்பு வடிவத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் போடும் அந்தக் கூம்பு, புயலின் அளவைக் காட்டுவதே இல்லை. புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பது மட்டும்தான் அது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புகள் எவ்வளவு பிசகின என்று பார்த்து, அந்தப் பிசகுகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும் அளவுக்கு, மையம் இருக்கும் என்று கணித்த ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் வட்டம் போட்டு இணைக்கிறார்கள். நாள் தள்ளிப்போகப் போகப் பிசகும் கூடும், அதனால்தான் அகலம். அப்புறம், அந்த வட்டங்களின் அளவு ஒரு பருவத்தின் எல்லாப் புயல்களுக்கும் ஒன்றேதான், ஆக இந்தப் புயல் கணிப்புக்கு அடங்காமல் எவ்வளவு அடம்பிடிக்கும் என்பதையும் அது சொல்லாது. மீதி மூன்றில் ஒரு பங்கு? மையமே கூம்பைத் தாண்டிப் போகும். மழையும் கடல் பொங்குவதும் கூம்பின் கோட்டைப் பார்த்தா நிற்கும்?

உள்ளே இருப்பவர்களும் நடுக்கோட்டை மட்டும் நம்பக் கூடாது. 2004-இல் சார்லி புயலின்போது எல்லார் கண்ணும் நடுக்கோடு காட்டிய டாம்பா நகரத்தின் மேல். ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டியே வந்த புயல் லேசாக வலப்பக்கம் திரும்பியது, நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே உள்ள புன்டா கோர்டாவில் அடித்தது. அந்த ஊர் கூம்புக்குள்தான் இருந்தது.