மாண்டலினும் பட்டாணியும்

(பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பலசரக்குக் கடை, அதன் பின்கட்டில் வீடு. காலை ஏழரை மணி. அண்ணாச்சி கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கிறார். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரான சார்வாள், பையை மறந்துவிட்டு, முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார். முந்தின ராத்திரி அண்ணாச்சி வீட்டுப் புது டிவியில் இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தார்கள்: இரண்டாம் உலகப் போரில் ஒரு கிரேக்கத் தீவைப் பிடித்த இத்தாலிப் படையின் கேப்டனுக்கும் அந்த ஊர் டாக்டர் மகளுக்கும் காதல். உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம்.)

அண்ணாச்சி: வாங்க சார்வாள். ராத்திரி சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டீர்களே. உங்களுக்கென்று போட்ட காபி ஆடை கட்டிக் கிடந்தது.

சார்வாள்: இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் நமக்குக் கிடையாது அண்ணாச்சி.

அண்ணாச்சி: யார் செத்தது?

சார்வாள்: கேப்டன் கொரெல்லி.

அண்ணாச்சி: அவர்தான் கடைசியில் பிழைத்து, நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாரே!

சார்வாள்: அதைத்தான் சொல்கிறேன்.

அண்ணாச்சி: எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். கடல் என்ன நீலம்! அந்தப் பிள்ளை என்ன அழகு! கேப்டன் என்றதும் எங்கள் பையன் விஜயகாந்த் படம் என்று நினைத்து உட்கார்ந்தான். அவனே பாதிவரை எழுந்திருக்கவில்லை.

சார்வாள்: ‘கேப்டன் கொரெல்லியின் மாண்டலின்’, லூயி டி பெர்னியேர் எழுதி 1994-ல் வந்த புத்தகம் அண்ணாச்சி. ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, அட்டை கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து, பைண்டிங்குக்குக் கொடுத்து, இன்றைக்கும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். 2001-ல் படம் வந்தது. நன்றாக இல்லை என்று அப்போதே காதில் விழுந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்காமல் விரதம் இருந்தேன். உங்கள் புது டிவி கெடுத்துவிட்டது.

அண்ணாச்சி: டிவி என்ன செய்யும்? அந்தத் தீவிலேயே போய் எடுத்தது என்று ராத்திரி நீங்கள்தானே பெருமையாகச் சொன்னீர்கள்.

சார்வாள்: கெஃபலோனியாவிலேதான் எடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 1953 ஆகஸ்டில் வந்த நிலநடுக்கத்தில் தீவில் பெரும்பாலான வீடு தரைமட்டம். அதனால் சாமி என்கிற ஊரில் பழைய காலத்துத் தெருவைச் செட்டாகப் போட்டு எடுத்தார்கள்.

அண்ணாச்சி: ஊர் பேரே சாமியா? கும்பிட்டுவிட்டு ஆரம்பித்திருக்கலாம்.

சார்வாள்: கும்பிட்டிருந்தாலும் அந்தப் பேச்சு திருந்தியிருக்காது. இத்தாலிக்காரக் கேப்டனாக வருகிறவர் அமெரிக்கர். கிரேக்கப் பெண்ணாக வருகிறவர் ஸ்பெயின்காரி. அவளுடைய அப்பா, அந்த டாக்டர், இங்கிலாந்துக்காரர். மீனவனின் ஆத்தாளாக வந்த ஐரீன் பாப்பாஸ் அம்மாள்தான் அசல் கிரேக்கம், அவர்களுக்கோ நாலு வசனம். எல்லோரும் பேசுவது இங்கிலீஷ், ஆனால் ஆளுக்கொரு திசையில் நாக்கைச் சுழற்றிக்கொண்டு. வார்த்தைக்கு வார்த்தை ‘ஏலே’ போட்டால் திருநெல்வேலி பாஷை ஆகிவிடும் என்று நம் சினிமாக்காரர்கள் நினைக்கிறார்களே, அதேதான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன்கூட அத்தனை ‘ஏலே’ சொல்ல மாட்டான்.

அண்ணாச்சி: எனக்கு எல்லா இங்கிலீஷும் ஒன்றுதான் சார்வாள், அந்தக் கஷ்டம் எனக்கு இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முதலில் நிச்சயம் பண்ணின மீன்காரப் பையன், பிறகு பேட்மேனாக நடித்தவர் என்று மகன் சொன்னான். பேட்மேனை விட்டுவிட்டு ஒரு பிள்ளை மாண்டலின்காரன் பின்னால் போகுமா?

சார்வாள்: அவனையும் கெடுத்துவிட்டார்கள்! புத்தகத்தில் அவன் சண்டைக்குப் போய்ச் சீரழிந்து, மனசு முறுக்கிக்கொண்டு, செய்யக்கூடாததைச் செய்யத் துணிந்து, கடைசியில் கடலில் இறங்கிச் சாகிறான். யுத்தம் ஒரு நல்ல பையனை என்ன பண்ணும் என்பதற்கு அவன்தான் சாட்சி. படத்தில் அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி: இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு பெரிய புத்தகத்தை எப்படிச் சார்வாள் கட்ட முடியும்? பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையே இரண்டு படத்தில் அடக்கினார்கள். அரை கிலோப் பைக்குள் அரை கிலோதான் பிடிக்கும்.

சார்வாள்: எடையைக் குறையுங்கள், வேண்டாம் என்கவில்லை. பருப்பை எடுத்துவிட்டுப் பைக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தால்? அண்ணாச்சி, நீங்கள் வாயைத் திறப்பதைப் பார்த்தால் அடுத்து அல்வாவை உதாரணம் சொல்லப் போகிறீர்கள். சொன்னால் நான் கிளம்பிவிடுவேன்.

அண்ணாச்சி: (வாயை மூடிக்கொள்கிறார்.)

சார்வாள்: எழுதினவரே பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையின் காதைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டினால் எந்தத் தகப்பனுக்குச் சந்தோஷம் வரும் என்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி: காது என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 ஊரடங்கில் இதே கல்லாவுக்கு அந்தப் பக்கம் வட்டத்துக்குள் நின்றுகொண்டு இந்தக் கதையைச் சொன்னீர்களே. ஒரு கிழவர் காதில் சின்ன வயதிலிருந்து கிடந்த பட்டாணியை டாக்டர் எடுத்துவிடுவார். அப்புறம் பெண்டாட்டி பேசுவதெல்லாம் கேட்கிறது, திரும்ப உள்ளே வையுங்கள் என்று அவர் வந்து நிற்பார்.

சார்வாள்: அது கதை! இத்தாலிச் சிப்பாய்கள் கக்கூசில் உட்கார்ந்தபடியே கோஷ்டி கானம் பாடுவார்கள், மிலான் நகரத்துப் பெரிய இசை அரங்கின் பேரையே கோஷ்டிக்கு வைத்திருப்பார்கள். அப்படிச் சிரிக்க வைத்துக்கொண்டே போய்த்தான் எழுதின ஆள் நம் கழுத்தைப் பிடிப்பார். 1943 செப்டம்பர் 8, இத்தாலி சரணடைந்தது என்று செய்தி வருகிறது. நேற்றுவரை கூடச் சாப்பிட்ட ஜெர்மன்காரன் ஆயுதத்தைக் கீழே போடு என்கிறான். மாட்டோம் என்று சண்டை போட்டுத் தோற்றுக் கைதானவர்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். நிஜமாக நடந்தது அண்ணாச்சி, அதே தீவில்.

அண்ணாச்சி: அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கூட்டாளி குறுக்கே நின்று குண்டை வாங்கினான் பாருங்கள். கார்லோ.

சார்வாள்: வெறும் கூட்டாளியா அவன்? அவனுக்குக் கொரெல்லி மேல் காதல். ஆயுசு முழுக்க யாரிடமும் சொல்ல முடியாமல் எழுதி மட்டும் வைத்துவிட்டுப் போகிறான். அது தெரிந்து பார்த்தால் அவன் குறுக்கே நிற்பதற்கு வேறு அர்த்தம். இவர்கள் அதைப் பூசி மெழுகி, முதுகில் தட்டுகிற சிநேகிதன் ஆக்கிவிட்டார்கள்.

அண்ணாச்சி: சார்வாள்... நீங்களும் கூட்டாளி என்றுதான் சொன்னீர்கள்.

சார்வாள்: எப்போது?

அண்ணாச்சி: ஊரடங்கில். நான் திருப்பிக்கூடக் கேட்டேன், ஒரு கூட்டாளிக்காக இவ்வளவு செய்வானா என்று. அந்தக் காலத்து மனுஷன் அப்படித்தான் என்றீர்கள்.

சார்வாள்: பக்கத்து வட்டத்தில் என் பழைய மாணவன் ஒருவன் சீனி வாங்க நின்றிருந்தான். எட்டாம் வகுப்பில் அடித்திருக்கிறேன் அவனை. அவன் முன்னால் எப்படி...

அண்ணாச்சி: சரி. ராத்திரி படம் முடியுமுன்னே முணுமுணுத்தீர்களே, முசோலினி தனியாகப் புலம்புகிற அத்தியாயம் எங்கே என்று? அதையும் நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

சார்வாள்: அன்றைக்கு உங்களுக்கு உளுந்து லாரி வந்துவிட்டது.

அண்ணாச்சி: போகட்டும். முடிவு என்ன தப்பு? அதைச் சொல்லுங்கள்.

சார்வாள்: அங்கேதான் அண்ணாச்சி கொலையே! நிலநடுக்கம் அடங்கின கையோடு, தூசிகூடப் படியவில்லை, கொரெல்லி வந்து நிற்கிறான். புத்தகத்தில் அவன் எப்போது அவள் முன்னால் வந்து நிற்கிறான் தெரியுமா? கிழவனாகி, நாற்பது வருஷத்துக்கு மேலே கழித்து! அதற்கு வெகு முன்னாலேயே வந்திருக்கிறான். தூரத்தில் நின்று பார்த்தால் அவள் கையில் குழந்தை. யாரோ வாசலில் போட்டுவிட்டுப் போன குழந்தை அது. இவன், கல்யாணம் ஆகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, ஒரு குரல் கொடுக்காமல் திரும்பிப் போய்விடுகிறான். ஒரு குரல் அண்ணாச்சி! ஏட்டி என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் இரண்டு பேர் ஆயுசு வீணாகியிருக்காது. அந்தக் காத்திருப்புத்தான் புத்தகமே. அதை வெட்டி எறிந்துவிட்டு...

(உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றுபோகிறது.)

அண்ணாச்சி: (குரலைத் தாழ்த்தி) பைய, பைய. நாற்பது வருஷமா?

சார்வாள்: மேலேயே.

அண்ணாச்சி: நாலு என்றீர்கள்.

சார்வாள்: என்ன?

அண்ணாச்சி: நாலு வருஷம் கழித்து வந்தான், வாசலில் நின்று மாண்டலின் வாசித்தான், அவள் ஓடி வந்தாள், சுபம். அப்படித்தான் முடித்தீர்கள்.

சார்வாள்: (வெகுநேரம் மிளகாய் வற்றல் மூட்டையைப் பார்க்கிறார்.) உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மதினி அழ ஆரம்பித்துவிட்டார்கள் அண்ணாச்சி. கொரோனா நேரம். கடைக்குள்ளே ஒருவர் மூக்கைச் சிந்துகிறார் என்று வெளியே தெரிந்தால் சீல் வைத்துவிட மாட்டார்களா? கொஞ்சம் சுருக்கினேன்.

அண்ணாச்சி: ஒரு சைபரைச் சுருக்கியிருக்கிறீர்கள். கணக்கு வாத்தியாராக இல்லாமல் போனீர்களே, பிள்ளைகள் தப்பித்தது. விஷயம் தெரியுமா? கோயில் திறந்ததும் முதல் வேலையாகக் காந்திமதி அம்மனுக்கு நெய்விளக்குப் போட்டாள், அந்தக் கிரேக்கத்துப் பிள்ளை நல்லபடியாக வாழ்ந்ததே என்று. நேற்று ராத்திரிகூட என்ன சொன்னாள்? “சார்வாள் சொன்ன மாதிரியே அச்சு அசலாக எடுத்திருக்கிறார்கள்” என்றாள்.

சார்வாள்: அப்படியா சொன்னார்கள்?

அண்ணாச்சி: அப்படியே சொன்னாள்.

(உள்ளே ஒரு குண்டான் தரையில் வைக்கப்படுகிறது. வைத்த விதம் இருவருக்கும் நன்றாகப் புரிகிறது. வளையல் சத்தம் வாசலை நோக்கி வருகிறது.)

அண்ணாச்சி: சார்வாள், அந்தப் பட்டாணிச் சாக்கு உங்கள் பக்கம்தானே இருக்கிறது?

சார்வாள்: (ஏற்கெனவே கையை உள்ளே விட்டபடி) உங்களுக்கு எத்தனை, இரண்டா?

அண்ணாச்சி: பெரிசாகப் பார்த்து எடுங்கள்.