மழை கொட்டியதால் புவி வெப்பமாதல் பொய்யாகிவிடாது

"மதுரையில் மழை இப்படிக் கொட்டுதே, அப்புறம் எங்கே பூமி சூடாகுது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு நேர்மாறு, அண்ணே. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அதுவும் சேர்ந்து இறங்கும். 2024 அக்டோபரில் மதுரையின் செல்லூர் பகுதி மழை வெள்ளத்தில் பட்ட பாட்டை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். பல பத்தாண்டு சராசரியைத்தான் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட உலகம் இப்போது 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. செல்லூர் வழியாக ஓடும் பந்தல்குடி கால்வாயில் குப்பை அடைத்ததும் அந்த வெள்ளத்துக்குக் காரணம் இல்லையா என்றால், சரி, அதுவும்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை கூடக்கூட, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது கால்வாய்க் கரை வீட்டுக்காரர்கள்தான். ஐப்பசி வருவதற்கு முன்பே கால்வாயைத் தூர்வாரச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.