நேத்து வந்த பையன்கிட்ட கத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

புது வண்டியை மல்டிமீட்டர் வெச்சு அளந்து பார்க்கக் கத்துக்குடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பத்தி நம்ம டூ-வீலர் மெக்கானிக் குரூப்ல வந்ததையெல்லாம் படிச்சேன். பாதியில எழுந்து போன சீனியர்களுக்கு இத்தனை பேர் பரிஞ்சு பேசுவீங்கன்னு எதிர்பார்க்கல. "முப்பது வருஷமா வண்டி பிரிக்கிறோம், நேத்து வந்த பையன் நமக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித் தர்றதா?" ஆமா, தரட்டும். அதுக்குத்தானே கூப்பிட்டோம்?

2020 ஏப்ரல் 1-ல இருந்து புது வண்டி எல்லாம் பிஎஸ் 6, அதாவது கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலா கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்‌ஷன்தான். அந்த வண்டிகள் வாரண்டி முடிஞ்சு இப்போ நம்ம வாசலுக்கு வருது. சத்தத்தைக் காதால கேட்டே கார்புரேட்டர் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி ஐட்லிங் (முறுக்காம நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம்) வைக்கிறது பெரிய கைப்பக்குவம், அதை யாரும் குறைச்சுப் பேசல. ஆனா இன்ஜெக்‌ஷன் வண்டியில திருப்ப அந்த ஸ்க்ரூ பொதுவா கிடையாது. த்ராட்டிலுக்கு (முறுக்கும்போது இன்ஜினுக்குக் காத்து விடுற கதவு) ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும், கம்பெனியிலேயே பெயிண்ட் வெச்சு சீல் பண்ணியிருப்பாங்க. பழைய பழக்கத்துல அதைத் திருகினா த்ராட்டில் சென்சார் அளவு மாறி, மூடியிருக்கிற த்ராட்டிலை ஈசியு (வண்டியோட கம்ப்யூட்டர்) திறந்திருக்குன்னு எடுத்துக்கும். அதுக்கப்புறம் ஐட்லிங் ஏறும், இறங்கும், நிக்கவே நிக்காது.

வகுப்பெடுத்த அந்தத் தம்பி சொன்னதுல முக்கியமானது, எழுந்து போனவங்க கேட்காதது, இதுதான்: ரிப்பேர் வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி நல்லா ஓடுற வண்டியை அளந்து நோட்டுல எழுதி வைக்கணும். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கத்துல இருக்கா, செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழ போகுதா. த்ராட்டில் சென்சார்ல மூடியிருக்கும்போது எவ்வளவு வோல்ட், முறுக்க முறுக்க நடுவுல குதிக்காம சீரா ஏறுதா. இன்ஜின் சூடானதும் புகைக்குழாய்ல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கா, ஒரே இடத்துல நின்னுட்டா. நல்ல வண்டியோட அளவு தெரியாதவனுக்குக் கெட்ட வண்டியோட அளவு வெறும் நம்பர்தான்.

மழைக்காலத்துல ஒரு ஸ்கூட்டர் சுத்திச் சுத்தி வந்தது. சூடானா நின்னுடும். ஒருத்தர் இன்ஜெக்டரை மாத்தினார், இன்னொருத்தர் பம்பை மாத்தினார், கடைசியில ஈசியுவே மாத்தியாச்சு. ஆயிரக்கணக்குல பணம் போச்சு, வண்டி மட்டும் அப்படியேதான் இருந்தது. கோளாறு சீட்டுக்கடியில, எர்த் ஒயர் போல்ட்டுல துரு. அதைக் கண்டுபிடிக்க மீட்டரோட கறுப்பு ஒயரை பேட்டரி நெகட்டிவ்ல வைக்கணும், சிவப்பை ஈசியுவோட எர்த்ல வைக்கணும், இன்ஜின் ஓடும்போது பார்க்கணும். 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்ல. கப்ளரை (ஒயர் இணைப்பை) கழட்டக்கூட வேண்டாம். இதைத்தான் அந்தத் தம்பி டீக்கு அப்புறம் செஞ்சு காட்டினான். அப்போ பாதி நாற்காலி காலி.

"இங்கிலீஷ் தெரியாது"ங்கிறீங்க. மீட்டர்ல வர்றது நம்பர்தானே அண்ணே. "வயசாயிடுச்சு"ன்னா, வால்வ் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்க்க ஃபீலர் கேஜ்ங்கிற மெல்லிசுத் தகட்டைப் பிடிக்கிற கைக்கு மீட்டர் ஒயர் முனையைப் பிடிக்கிறது பெரிய காரியமே இல்ல. "ஈசியு சொல்ற கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வாங்கப் பணமில்ல"ன்னா முதல்ல மீட்டரை வாங்குங்க. நிறைய வண்டியில இன்ஜின் செக் லைட் கண் சிமிட்டியே கோளாறு நம்பரைச் சொல்லிடும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டிச் சிமிட்டல் ஒண்ணுன்னு எண்ணுற வண்டிகளே அதிகம். அந்த நம்பர் காட்டுற சென்சாரை உடனே மாத்திடாதீங்க, முதல்ல ஒயரையும் கப்ளர் பின்னையும் பாருங்க. "ஒயரிங் டயகிராம் நம்ம கைக்குக் கிடைக்கிறதில்ல"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். அது நிஜமான குறை, என்கிட்ட பதில் இல்ல. ஆனா அதைச் சொன்னவர் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார்.

"இன்ஜெக்‌ஷன் வண்டியை கம்பெனிக்கு அனுப்பிடு, நமக்குப் பழைய வண்டி போதும்"னு போட்டதுதான் எனக்குத் தாங்கல. பழைய வண்டி இன்னும் எத்தனை காலத்துக்கு ரோட்டுல ஓடும்? நம்ம தெரு ஆளுங்க வண்டியையே நாம திருப்பி அனுப்பிட்டு, அப்புறம் "கஸ்டமர் மதிக்க மாட்டேங்கிறான்"னு வருத்தப்படுறோம். இப்போ பெட்ரோல் பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். டேங்க்ல தண்ணி இறங்கினா எத்தனாலும் அதோட சேர்ந்து அடியில தங்கும், பம்ப் உறிஞ்சுற இடமும் அதே அடிதான். ஒரு கண்ணாடி பாட்டில்ல பெட்ரோலைப் பிடிச்சுக் கொஞ்ச நேரம் வெச்சா, தண்ணி இறங்கியிருந்தா அடியில தனியா ஒரு கோடு தெரியும். இவ்வளவு எளிய சோதனைக்கு நம்ம தெருவுல ஆள் இல்லைன்னா ஜனங்க எங்க போவாங்க?

பட்டறையில பானா எடுத்துக் குடுக்கிற பசங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. மேஸ்திரி கத்துக்க மாட்டேன்னு எழுந்து போறதைப் பார்க்கிற பையன் இந்தத் தொழில்ல நிப்பானா? டெலிவரி வேலைக்குப் போயிடுறான், அவனைக் குத்தம் சொல்ல முடியல. உங்களுக்கு வர மனசில்லைன்னா பையனையாவது அனுப்புங்க, கையில மீட்டரைக் குடுத்து அனுப்புங்க. 10 ஆம்ப்பியர் ஓட்டையில சிவப்பு ஒயர் சொருகியிருக்கும்போது பேட்டரியில வைக்கக் கூடாதுன்னு மட்டும் முதல்லயே சொல்லிடுங்க. நேரா ஷார்ட் ஆகும், மலிவு மீட்டர்ல அதுக்கு ஃப்யூஸ்கூட இருக்காது.